கலகக்காரர் யார், போராளி யார்? கிளர்ச்சிச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்களுக்கும் அவர்களுடைய செயலுக்கும் பல மொழிகள் இட்டிருக்கும் பெயர்களைப் பற்றி மொழிபெயர்ப்பு வகுப்புகளிலும் செய்தி மேசையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேரை அறிந்துவிட்டால் சொல்லின் பொருள் முழுவதும் விளங்கிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். இந்தச் சொற்களைப் பொறுத்தவரை வேர் பாதி வழிக்குத்தான் துணை வரும். மீதி வழிக்கு, அந்தச் சொல்லை யார் யார்மீது எறிந்தார்கள், யார் அதை எடுத்துத் தமக்கே சூட்டிக்கொண்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கலகம், கிளர்ச்சி, எழுச்சி, புரட்சி ஆகிய நான்கும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா?

ஒரே நிகழ்வை இந்த நான்கு சொற்களாலும் குறிக்க முடியும் என்றாலும், கேட்பவர் மனத்தில் எழும் படம் ஒவ்வொன்றிலும் வேறு. கலகம், சண்டை என்று பொருள்படும் 'கலஹ' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. வீட்டுச் சண்டையை மூட்டிவிடுபவரையும் ஊர்ச் சண்டையைத் தூண்டிவிடுபவரையும் இதே சொல்லால்தான் ஏசுகிறோம். நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்ற பழமொழி ஒன்றுதான் இச்சொல்லுக்குக் கிடைத்த நற்சான்று. கிளர்ச்சியும் எழுச்சியும் மேலே எழுவதைக் காட்டுபவை. கிளர்தல் என்றால் பொங்கி எழுதல், ஆகவே 'மனக்கிளர்ச்சி' என்று உள்ளத்துக்கும் அது பொருந்துகிறது.

புரட்சியின் கதை இவற்றைவிடச் சுவையானது. புரள், புரட்டு என்னும் வினைகளிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு மிக நெருங்கிய உறவினர், பொய்யைக் குறிக்கும் 'புரட்டு'. பித்தலாட்டம் செய்பவனைப் 'புரட்டன்' என்று வையும் அதே மொழி, ஆட்சியைத் தலைகீழாக்குபவரைப் புரட்சியாளர் என்று வணங்குகிறது. 1917-இல் ரஷ்யாவில் ஜார் ஆட்சி கவிழ்ந்ததைப் பாடிய பாரதி 'யுகப்புரட்சி' என்றார். பெரியார் 1933-இல் தொடங்கிய வார ஏட்டுக்குப் 'புரட்சி' என்றே பெயர். அதன்பின் பாரதிதாசன் புரட்சிக் கவிஞர் ஆனார், எம்.ஜி.ஆர். புரட்சி நடிகராகிப் பின்னர் புரட்சித் தலைவரும் ஆனார், ஜெயலலிதா புரட்சித் தலைவி ஆனார். முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்திருப்பவரையே, ஆட்சியைக் கவிழ்ப்பதைக் குறிக்கும் சொல்லால் வாழ்த்திய சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அந்தச் சொல்லின் கூர்மை நமக்கு அவ்வளவாகத் தைப்பதில்லை.

ஆங்கிலத்தின் 'ரெபெல்' எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியின் 'ரெபெல்லாரே' என்னும் வினையிலிருந்து. 'பெல்லும்' என்றால் போர். முன்னால் நிற்கும் 'ரெ', மீண்டும் என்று பொருள் தருவது. ஆகவே மீண்டும் போர் தொடுத்தல் என்பதுதான் அதன் முதற்பொருள். ரோமானியர் ஒரு மக்களை வென்று அடக்கிய பிறகு அந்த மக்கள் மறுபடியும் ஆயுதம் எடுத்தால் அது இச்சொல்லால் குறிக்கப்பட்டது. முதற்போரில் நிற்பவர் எதிரி, தோற்று அடங்கியதாகக் கருதப்பட்ட பின் போரிடுபவர் 'ரெபெல்' என்னும் இந்தக் கணக்கில், நீ ஏற்கெனவே எனக்கு உட்பட்டவன் என்ற உரிமைக்கோரல் ஒன்று ஓசையில்லாமல் நுழைந்துவிடுகிறது.

நம் பாளையக்காரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 'ரெபெல்' என்று எழுதியபோது நடந்ததும் இதுதான். பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1792 உடன்படிக்கையின் வழியே கம்பெனி பெற்றுக்கொண்டது. அந்தத் தாளின்படி அவர்கள் கம்பெனிக்கு உட்பட்டவர்கள். அந்தத் தாளில் கையெழுத்திடாத பாளையக்காரரோ தம் மண்ணில் அந்நியர் ஒருவர் வரி கேட்பதாக மட்டுமே கண்டார். கலகமா, போரா என்ற வழக்கு முழுவதும் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்துமா என்ற ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

வங்காளத்தில் 'பித்ரோஹி' என்பது புகழ்ச்சி. தமிழில் 'துரோகி' என்பது வசை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா?

ஆம், ஒன்றேதான். தீங்கிழைத்தல், நம்பிக்கையைக் கெடுத்தல் என்று பொருள்படும் 'த்ரோஹ' என்னும் வடசொல் தமிழில் துரோகம் ஆயிற்று. 'வி' என்னும் முன்னொட்டைச் சேர்த்துக்கொண்டு இந்தியில் வித்ரோஹ் என்றும் வங்காளியில் பித்ரோஹ என்றும் கிளர்ச்சியைக் குறிக்கலாயிற்று.

தமிழில் இச்சொல்லுக்கு நீண்ட வயது உண்டு. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலில், முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, கரிகாலச் சோழனைக் 'கொன்று துரோகிகளான' என்று தொடங்கிச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று ஆள்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்தத் துரோகிகளின் உறவினர்களுடைய உடைமை தொடர்பான அரச ஆணை அது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் தம் செயலை என்ன பெயரிட்டு அழைத்துக்கொண்டார்கள் என்பதற்குக் கல் எதுவும் இல்லை. வென்றவரின் சொல்தான் ஆயிரம் ஆண்டுகளாகச் சுவரில் நிற்கிறது.

வங்காளத்தில் நடந்தது வேறு. காஜி நஸ்ருல் இஸ்லாம் 1922-இல் வெளியிட்ட கவிதையின் தலைப்பே 'பித்ரோஹி'. அந்தச் சொல்லைத் தன்மை இடத்தில் நிறுத்தி, நானே அவன் என்று அவர் பாடியதிலிருந்து, வங்காளிகள் இன்றுவரை அவரைப் 'பித்ரோஹி கவி' என்றே அழைக்கிறார்கள். அடுத்த ஆண்டு அரசுக்கு எதிராக எழுதிய குற்றத்துக்காக அவருக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. 1908-இல் வ.உ. சிதம்பரனார்மீது பாய்ந்த 124-ஏ பிரிவும் அதே குற்றத்துக்குரியதுதான். தமிழில் அதை இராஜத்துரோகம் என்றார்கள். வ.உ.சி.யை நாம் கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் கொண்டாடினோமே தவிர, துரோகி என்னும் சொல்லை அவர் பொருட்டுக்கூட மீட்டெடுக்கவில்லை. தமிழில் அச்சொல்லின் நஞ்சு அவ்வளவு அடர்த்தியானது.

கதர்க் கட்சி என்பது காங்கிரசைக் குறிக்கிறதா?

இந்தக் கேள்வி ஒவ்வோராண்டும் யாராவது ஒரு மாணவரிடமிருந்து வந்துவிடுகிறது. குற்றம் மாணவருடையது அன்று, நம் எழுத்துக்கூட்டலுடையது. கைராட்டைத் துணியான கதர் வேறு. அரபியில் நம்பிக்கைத் துரோகம் என்று பொருள்படும் 'கத்ர்' என்னும் சொல் உருதுவில் 'கதர்' ஆனது வேறு. 1857 நிகழ்வுகளை வட இந்தியாவில் பலரும் அந்த உருதுச் சொல்லாலேயே குறித்தனர். எஜமானின் உப்பைத் தின்றுவிட்டு அவனுக்கே எதிராகத் திரும்புதல் என்ற வசை அதில் தொக்கி நின்றது.

அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் பிழைக்கச் சென்ற பஞ்சாபியர் 1913-இல் ஓர் அமைப்பை உருவாக்கி, அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உருதுவில் ஓர் ஏட்டை வெளியிட்டார்கள். ஏட்டின் பெயர் 'கதர்'. எங்கள் பெயர் என்ன, கதர். எங்கள் வேலை என்ன, கதர் என்று முதல் இதழே முழங்கியது. எதிரி தங்கள் முன்னோர்மீது எறிந்த கல்லை எடுத்து வாசற்படியாக வைத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. தமிழில் எழுதும்போது 'கெதர்' என்று வேறுபடுத்துவதோ, முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தருவதோ நல்லது.

வேலூரில் 1806-இல் நடந்தது சிப்பாய்க் கலகமா, புரட்சியா?

இரண்டு பெயர்களும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தின் 'மியூட்டினி', படைவீரரும் மாலுமிகளும் மேலதிகாரிக்குக் கீழ்ப்படிய மறுப்பதற்கென்றே பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட சொல். அதைப் பயன்படுத்தியவுடன் நிகழ்வு கோட்டைச் சுவருக்குள் அடைபட்டுவிடுகிறது; தலைப்பாகை மாற்றத்தாலும், நெற்றிச் சின்னம் கூடாது, தாடியைத் திருத்த வேண்டும் என்ற கட்டளைகளாலும் மனம் கசந்த சிப்பாய்களின் ஒழுங்குமீறலாக அது சுருங்குகிறது. ஆனால் 1806 ஜூலை 10 விடியுமுன் எழுந்த அவர்கள் திப்பு சுல்தானின் குடும்பத்தார் சிறைவைக்கப்பட்டிருந்த அதே கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். தலைப்பாகைக்கு மட்டுமான சண்டையில் கொடி மாற வேண்டிய தேவை இல்லை. நான் 'வேலூர் எழுச்சி' என்று எழுதுகிறேன். சில மணி நேரத்தில் ஆர்க்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படையால் அது முறியடிக்கப்பட்டதால், புரட்சி என்ற சொல்லுக்குரிய தலைகீழ் மாற்றம் அங்கே நிகழவில்லை என்பது என் கணிப்பு. மாறாகக் கருதுபவர்களும் இருக்கிறார்கள்.

வெவ்வேறு மொழிகள் கிளர்ச்சியை எந்தெந்தப் படங்களால் காட்டுகின்றன?

படங்கள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. முதலாவது, எழுந்து நிற்றல். ஜெர்மன் மொழியின் 'ஆஃப்ஷ்டாண்ட்', போலிஷ் மொழியின் 'பொவ்ஸ்தானியே', ரஷ்ய மொழியின் 'வஸ்தானியே' ஆகிய எல்லாமே எழுந்து நிற்பவை; துருக்கியின் 'அயக்லன்மா' கால் என்னும் பெயர்ச்சொல்லிலிருந்தே பிறந்தது. நம் எழுச்சி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாவது, புரட்டிப் போடுதல். அரபி வேரிலிருந்து வந்த 'இன்கிலாப்', துருக்கியர் அதற்கு மாற்றாக ஏற்றுக்கொண்ட 'தெவ்ரிம்', கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் வழங்கும் 'மபிந்தூசி' ஆகிய மூன்றும் கவிழ்த்தல் என்னும் வினையிலிருந்து வந்தவை. தான்சானியாவின் ஆளுங்கட்சியின் பெயரில் 'மபிந்தூசி' இன்றும் இருக்கிறது. 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்ற முழக்கத்தைத் தொழிற்சங்க ஊர்வலத்தில் எழுப்பும் தமிழர், புரட்சி என்ற தம் சொல்லின் அதே படத்தைத்தான் வேறு மொழியில் எழுப்புகிறார்.

மூன்றாவது, கொதித்தல். ஹங்கேரிய மொழியின் 'ஃபொர்ரதலொம்', கொதித்தல் என்னும் வினையிலிருந்து கிளைத்தது. நம் கொந்தளிப்புக்கு அது அண்டை வீடு. உதறிவிடுதல் என்ற படத்தைக் கொண்ட அரபியின் 'இன்திஃபாதா' 1987-க்குப் பின் உலகமெங்கும் தெரிந்த சொல்லாயிற்று. வங்காளியிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் புரட்சியைக் குறிக்கும் 'விப்லவ' வெள்ளத்தில் மூழ்குதலோடு தொடர்புடையது.

இன்கிலாப் என்றால் அரபு நாடுகளிலும் புரட்சிதானா?

இல்லை, இங்கே மொழிபெயர்ப்பாளர் சறுக்கி விழ வாய்ப்பு உண்டு. பாரசீகத்திலும் உருதுவிலும் அது புரட்சி. இன்றைய அரபியிலோ அது இராணுவக் கவிழ்ப்பு; புரட்சிக்கு அவர்கள் 'தவ்ரா' என்கிறார்கள். எகிப்தில் 1952 ஜூலையில் இராணுவ அதிகாரிகள் மன்னர் ஃபாரூக்கை அகற்றியதை ஆதரவாளர்கள் 'தவ்ரா' என்றும் குறைகாண்பவர்கள் 'இன்கிலாப்' என்றும் எழுதுவது அதனால்தான்.

அரசரே கிளர்ச்சி செய்தால் என்ன பெயர்?

ஜப்பானியர் உண்மையிலேயே சந்தித்த சிக்கல் இது. ஆயுதக் கலகத்தை அவர்கள் 'ரன்' என்பார்கள். எதிர்பாராத திடீர் நிகழ்வை 'ஹென்' என்பார்கள். 1221-இல் முன்னாள் பேரரசர் கோ-தோபா, காமகுராவில் இருந்த படைத்தலைவர் ஆட்சிக்கு எதிராகப் போர் தொடுத்துத் தோற்றார். அதைப் பெரும்பாலும் 'ஜோக்யூ ரன்' என்று எழுதுகிறார்கள். ஆனால் நாட்டின் தலைமையே தன் கீழுள்ளவர்களுக்கு எதிராகக் கலகம் செய்தது என்று எழுதக் கை கூசியவர்கள் 'ஜோக்யூ ஹென்' என்றார்கள்.

சீனர்களின் சொற்களில் இந்த மேல்-கீழ் ஒழுங்கு இன்னும் வெளிப்படையானது. 'சீயி' என்பதில் முதற்சொல் எழுதல், இரண்டாவது அறம். அறத்தின் பொருட்டு எழுதல். அதே நிகழ்வைப் பிடிக்காதவர் அதில் 'ஃபெய்', அதாவது கொள்ளையர், என்ற சொல்லைச் சேர்த்துவிடுவார். 1900-இல் வெளிநாட்டவரை எதிர்த்தெழுந்தவர்கள் தம்மை அறமும் இணக்கமும் கொண்ட படை என்று பொருள்படும்படி அழைத்துக்கொண்டார்கள்; வெறுத்தவர்கள் அவர்களைக் கைமுட்டிக் கொள்ளையர் என்றார்கள். புரட்சியைக் குறிக்கும் 'கமிங்' என்பதன் பழம்பொருள், ஆளும் உரிமையாக வானம் தந்த ஆணை கைமாறுதல். வென்றவரிடம் அந்த ஆணை சேர்ந்துவிட்டதாகக் கொள்வதால், வெற்றி பெற்ற பின் அவரைக் கலகக்காரர் என்று சொல்ல வாய்ப்பே இல்லாமற் போகிறது.

ஒரு சொல்லை மாற்றியதால் அரசியலே மாறியதுண்டா?

ஹங்கேரியில் அப்படி ஒரு நாள் உண்டு. 1956 அக்டோபரில் புடாபெஸ்டில் வெடித்ததைச் சோவியத் டாங்கிகள் நசுக்கிய பின், சோவியத் ஆதரவோடு அமைந்த காதாரின் கம்யூனிஸ்ட் ஆட்சி அதை 'எல்லென்ஃபொர்ரதலொம்', எதிர்ப்புரட்சி, என்று முப்பதாண்டுகளுக்கு மேல் எழுதியும் கற்பித்தும் வந்தது. அது வெறும் வசை மட்டும் ஆகாது. ஆட்சியின் உரிமைப் பத்திரமே அச்சொல்தான். எதிர்ப்புரட்சியை அடக்கியவர்கள் என்பதால்தானே அவர்கள் ஆண்டார்கள்?

1989 ஜனவரி 28 அன்று வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசிய இம்ரே பொஷ்கோய், கட்சியின் அரசியற்குழு உறுப்பினராக இருந்துகொண்டே, 1956-இல் நடந்தது 'நெப்ஃபெல்கெலேஷ்', மக்கள் எழுச்சி, என்று சொன்னார். வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 16 அன்று, 1958-இல் தூக்கிலிடப்பட்ட பிரதமர் இம்ரே நாஜ் பெருங்கூட்டத்தின் முன் மறுஅடக்கம் செய்யப்பட்டார். அக்டோபர் 23 அன்று புதிய குடியரசு அறிவிக்கப்பட்டது. 1990 மே மாதத்தில் கூடிய புதிய நாடாளுமன்றத்தின் முதற்சட்டம் 1956-ஐப் புரட்சி என்றும் விடுதலைப் போர் என்றும் பதிவு செய்தது. எதிர்ப்புரட்சி, எழுச்சி, புரட்சி என்ற மூன்று படிகளையும் ஏறப் பதினாறு மாதங்கள்கூட ஆகவில்லை.

இலங்கையில் இதுபோன்ற சட்டப் பெயர்மாற்றம் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1817-18-இல் ஊவா, வெல்லச பகுதிகளில் பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. சிங்களத்தில் இதைக் 'கெரல்ல' என்பார்கள். அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல என்னும் திசாவை (மாகாண அதிகாரி) கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துகொண்டார். சேர்வதற்கு முன், தமக்குத் தரப்பட்ட ஆயுதங்களைப் பிரித்தானியரிடமே திருப்பி அனுப்பினார் என்பது அவரைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் செய்தி. ஆளுநர் பிரவுன்றிக் 1818-இல் வெளியிட்ட அரசிதழ் அறிவிப்பு கிளர்ச்சித் தலைவர்கள் பத்தொன்பது பேரைத் துரோகிகள் என்றது. அவ்வாண்டு நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலை துண்டிக்கப்பட்டது. அந்த அறிவிப்பை 2016-இல் இலங்கைக் குடியரசுத் தலைவர் இரத்து செய்தார். சிங்களத்திலும் 'த்ரோஹி' என்பது தமிழில் உள்ள அதே கசப்போடு வழங்குகிறது என்பதால், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதைத் தாளிலிருந்து நீக்குவது தேவையாகப்பட்டது போலும்.

அதே தீவின் வடக்கே, பிற்காலத்தில், அரசின் அறிக்கையில் பயங்கரவாதி என்றும் வெளிநாட்டுச் செய்தியில் கிளர்ச்சியாளர் என்றும் இயக்க ஏடுகளில் போராளி என்றும் வந்த ஒருவரை, யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையில் 'பெடியள்' என்ற பன்மையில்தான் பேசினார்கள். பெடியன் என்றால் பையன். உறவின் நெருக்கத்தையும் பெரியவர்களின் தயக்கத்தையும் ஒருசேரச் சுமந்த அந்தச் சொல்லை வேறு மொழிக்குக் கொண்டுபோவது மிகக் கடினம்.

அண்டை மொழிகளில் தமிழர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய சொற்கள் உண்டா?

மலையாளத்தில் 'கலாபம்' என்றால் கலவரம். இன்றைய தமிழர் காதில் அது மயில்தோகை. 1921 மலபார் நிகழ்வை 'லஹள' என்றும் 'கலாபம்' என்றும் எழுதியவர்களுக்கும் 'சமரம்' என்று எழுதியவர்களுக்கும் இடையிலான பூசல் இன்றும் ஓயவில்லை. தெலுங்கில் கிளர்ச்சிக்குத் 'திருகுபாட்டு' என்பது பொதுச்சொல். 1922-24-இல் அல்லூரி சீதாராம ராஜு தலைமையில் கோதாவரி மலைப்பகுதியில் நடந்தது போன்ற மலைமக்கள் கிளர்ச்சிகளுக்கோ, உருது வழி வந்த 'பிதூரி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சென்னை மாகாண அரசின் ஆங்கில ஆவணங்களிலும் அது அப்படியே இடம்பெற்றது.

இந்தியின் 'பாகி' அரபி வேர் கொண்டது, வரம்பு மீறியவர் என்று பொருள்படுவது. சம்பல் பள்ளத்தாக்கின் கொள்ளையர்கள் தம்மைக் கொள்ளையர் என்று பொருள்படும் 'டாக்கு' என்று சொன்னால் சினந்து, 'பாகி' என்றே அழைத்துக்கொண்டார்கள். 1972-இல் அவர்களில் பலர் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் ஆயுதங்களைக் கீழே வைத்தனர். காவல்துறைக் கோப்பில் 'டாக்கு', காட்டில் 'பாகி'.

பழந்தமிழில் கிளர்ச்சியாளருக்குத் தனிச்சொல் இருந்ததா?

இருந்தது, இன்று அது குழந்தைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 735-ஆம் குறளில், பல்குழுவும் உட்பகையும் 'வேந்தலைக்கும் கொல்குறும்பும்' இல்லாததே நாடு என்கிறார் வள்ளுவர். வேந்தனை அலைக்கழிக்கும், கொலைக்கு அஞ்சாத குறுநிலத்து முரடர்களே அந்தக் குறும்பு. அரசனுக்கு அடங்காதவர்களைக் குறித்த அதே சொல், இன்று அம்மாவுக்கு அடங்காத மூன்று வயதுப் பிள்ளையைக் குறிக்கிறது. இறங்குமுகமான மாற்றம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்தியில் 'ரெபெல்' என்று வந்தால் எப்படி மொழிபெயர்ப்பது?

ஆயுதம் ஏந்திய குழுவானால் 'கிளர்ச்சியாளர்' என்பதே ஓரளவு சமநிலையான சொல். குழுவின் பெயர் தெரிந்திருந்தால் அதையே எழுதுவது இன்னும் நல்லது. தீவிரவாதி, பயங்கரவாதி ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது நம் ஏடுகளின் பழக்கம். முன்னது கொள்கையின் கடுமையையும் பின்னது செயலின் கொடுமையையும் குறிப்பதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்காது. பயங்கரவாதி என்று ஓர் அரசோ நீதிமன்றமோ சொல்லியிருந்தால், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

தேர்தல் செய்தியில் வரும் 'ரெபெல்' முற்றிலும் வேறு ஆள். சீட்டு கிடைக்காமல் தனித்து நிற்பவர் 'போட்டி வேட்பாளர்'. தலைமைமீது மனக்குறை கொண்ட சட்டமன்ற உறுப்பினர் 'அதிருப்தி எம்.எல்.ஏ.', அவர் செய்தியாளர்களைக் கூட்டிப் பேசினால் 'போர்க்கொடி தூக்கினார்'. அந்தக் கொடியை இதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. திங்கட்கிழமை அதிருப்தியாளர் என்று அச்சான ஒருவர் கட்சி மாறிவிட்டால், புதன்கிழமை வரும் தலைமையின் அறிக்கையில் துரோகி ஆகிவிடுகிறார். அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து அச்சுக்கு அனுப்புவதோடு மேசையின் வேலை முடிகிறது.